சனி எத்தனை விரல் அகலம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு மாடிக்கு ஐந்தாறு பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. விஞ்ஞானக் கதைகளுக்குப் படம் போடவேண்டும் என்று ஆசை. கைபேசியைத் தடவினால் உலகத்துப் படமெல்லாம் வந்து நிற்கிறது. ஓவியர்களில் கீகர் தெரியும், கிறிஸ் ஃபாஸ் தெரியும், சிட் மீட் தெரியும். "அந்த மனுஷங்க மாச வாடகைக்கு என்ன பண்ணினாங்க?" என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் நாற்பது வருஷம் வாரப் பத்திரிகைகளுக்கும் மாத நாவல்களுக்கும் படம் போட்டவன். பெரிய பெயரெல்லாம் இல்லை. விஞ்ஞானக் கதை எப்போதாவது வரும். வந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. அந்தப் பைத்தியத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்கப் பத்திரிகைகளைத் தேடித் தேடி வாங்கினேன். படங்களைப் பார்த்துக் காப்பியடித்த காலம் போனபிறகு, அவற்றை வரைந்தவர்கள் பிழைத்த கதைதான் எனக்கு உதவியது. ஒவ்வொரு வாரமும் அதையே சொல்லி எனக்கும் அலுப்பு, கேட்கிறவர்களுக்கும் அலுப்பு. எழுதி வைத்துவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள்.

1. ராக்கெட்டுக்கு முன்னால் மாடிப்படி

ஃபிராங்க் ஆர். பால் என்று ஒருவர். 1884இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கட்டட வரைபடத்தில் பயின்ற கை. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையைத் தொடங்கியபோது முதல் அட்டை இவருடையது. பனித்தரையில் ஆட்கள் சறுக்கி விளையாடுகிறார்கள்; பனிமேடுகளின் உச்சியில் பாய்மரக் கப்பல்கள் ஏறி நிற்கின்றன; பின்னால் சனி, வளையத்தோடு, வானத்தை அடைத்துக்கொண்டு. அடுத்த மூன்று வருஷம் அந்தப் பத்திரிகையின் அட்டைகள் அநேகமாக எல்லாமே பாலின் கைவண்ணம்தான்.

அவருடைய மனிதர்களைப் பாருங்கள். கொலுப்படியிலிருந்து இறக்கிவைத்த மாதிரி விறைப்பாக நிற்பார்கள். இயந்திரங்களைப் பாருங்கள், கதையே வேறு. ஏணி எங்கே தொடங்கி எந்தக் கதவில் முடிகிறது, குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்று விரலை வைத்துத் தொடர்ந்து போகலாம். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடியபோது, எழுத்தாளர்கள் அத்தனை பேர் இருக்க, சிறப்பு விருந்தினராக உட்காரவைத்தது இந்த ஓவியரை.

செஸ்லி போன்ஸ்டெல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துப் பாதியில் விட்டவர். கிறிஸ் ஃபாஸ் கேம்பிரிட்ஜில் கட்டடக்கலைக்குச் சேர்ந்தவர். மூன்று பேருக்கும் இப்படி அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இல்லாத கட்டடம் நிற்கும் என்று நம்பவைக்க வேண்டுமானால், இருக்கிற கட்டடம் எதனால் விழாமல் நிற்கிறது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் மூன்று மாதம் ராக்கெட் வேண்டாம். உங்கள் வீட்டு மாடிப்படியைக் கீழே நின்று வரையுங்கள், மேலே நின்று வரையுங்கள். அது முடிந்ததும் எழும்பூர் ஸ்டேஷனின் இரும்புக் கூரை. அதைச் சரியாகப் போட்டுவிட்டால் எந்த விண்வெளித் துறைமுகமும் உங்களுக்கு அடங்கும்.

2. கையை நீட்டி வானத்தை அளந்து பழகுங்கள்

போன்ஸ்டெலைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பதினேழு வயதில் லிக் வானாய்வகத்துக்கு மலையேறிப் போய்த் தொலைநோக்கியில் சனியைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் வரைந்தார். 1906 பூகம்பத்தோடு கிளம்பிய தீயில் அந்தப் படம் சாம்பல். அவர் சனியை நாடே பார்க்கும்படி வரைந்தது 1944 மே மாதம், 'லைஃப்' பத்திரிகையில். வயது 56.

நடுவில் அத்தனை வருஷம் என்ன செய்தார்? கிரைஸ்லர் கட்டடத்தின் வடிவமைப்பில் வேலை பார்த்தார். கோல்டன் கேட் பாலம் எழும்புமுன் அது எப்படி இருக்கும் என்று காட்டும் படங்கள் வரைந்தார். ஐம்பது வயதில் ஹாலிவுட்டுக்குப் போய், கட்டாத கோட்டையையும் ஊரையும் ஓவியமாக வரைந்து சினிமாக் காட்சியோடு ஒட்டவைக்கும் வேலையில் சேர்ந்தார். 'சிட்டிஸன் கேன்' படத்தில் அவர் வேலை இருக்கிறது. கேமரா இத்தனை அடி பின்னால் போனால் கட்டடம் இவ்வளவு சிறுக்கும், இந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட அங்கேதான் கை பழகியது. 'லைஃப்' படங்களில் அவர் செய்தது அதே கணக்குத்தான். கேமராவை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோவதற்குப் பதில், சனியின் ஒரு நிலவிலிருந்து இன்னொரு நிலவுக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கையை முழுக்க நீட்டுங்கள். சுண்டுவிரல் அகலம் வானத்தில் சுமார் 1 டிகிரி. கட்டைவிரல் 2 டிகிரி. நடுவில் உள்ள மூன்று விரலையும் சேர்த்து வைத்தால் 5. மூடிய முஷ்டி 10. நம் நிலா அரை டிகிரிதான். பாதிச் சுண்டுவிரலில் மறைந்துவிடும். நம்பாதவர்கள் இன்று ராத்திரி மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள்.

இப்போது கோளின் விட்டத்தை, நீங்கள் நிற்கும் இடத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தால் வகுத்து, 57ஆல் பெருக்குங்கள். வருவது டிகிரி. நிலாவில் நின்று பூமியைப் பார்த்தால்: 12,742 கி.மீ. விட்டம், 3,84,400 கி.மீ. தூரம். இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கட்டைவிரல்! நீங்கள் கொண்டுவரும் படங்களில் நிலாவின் அடிவானத்தில் பூமி அண்டா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டைட்டன் என்ற நிலவிலிருந்து சனி: 1,20,500ஐ 12,22,000ஆல் வகுத்தால் ஐந்தரை டிகிரி சொச்சம். மூன்று விரலுக்குச் சற்று மேல். அதோடு டைட்டன் சுற்றுவது வளையத்தின் தளத்திலேயே. அங்கிருந்து வளையம் தட்டையான கோடாகத்தான் தெரியும். அப்பளம் மாதிரி விரித்துக் காட்ட முடியாது. யூரோப்பா என்ற நிலவிலிருந்து வியாழன் 12 டிகிரி: ஒரு முஷ்டி, பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

'பெரிதாகப் போட்டால்தானே சார் எடுப்பாக இருக்கும்?' என்று போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டாள். போடலாம். தொலைவிலிருந்து லென்ஸில் இழுத்துப் பிடித்த காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே லென்ஸ் முன்னால் நிற்கும் ஆளையும் இழுக்கும். அவனை வெகுதூரம் தள்ளி நிறுத்தினால்தான் சட்டத்துக்குள் அடங்குவான். கணக்குத் தெரிந்து மீறுவது ஒரு அழகு.

3. தப்பில் இரண்டு வகை உண்டு

போன்ஸ்டெலும் தப்பாக வரைந்தார். டைட்டனுக்கு நீல வானம் போட்டு அதில் சனியைத் தெளிவாகக் காட்டினார். 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் அங்கே இறங்கியபோது பார்த்தால் ஆரஞ்சு நிற மூட்டம். தரையில் நிற்பவன் கண்ணுக்குச் சனி தெரியவே தெரியாது. இந்தத் தப்புக்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1944இல் தெரிந்தது அவ்வளவுதான்.

நிலா விஷயம் வேறு. அவருடைய நிலா மலைகள் ஊசி ஊசியாக நிற்கும். அவருக்கு முன்பே லூசியன் ருடோ என்ற பிரெஞ்சுக்காரர், வானியலும் தெரிந்தவர், தொலைநோக்கியில் நிலாவின் விளிம்பைப் பார்த்து, மலைகள் மழுங்கலாகத்தான் இருக்கின்றன என்று அப்படியே வரைந்து வைத்திருந்தார். பார்க்க மந்தமாக இருக்கும். ஜனங்களுக்குப் பிடித்தது ஊசி மலை. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 1957இல் போன்ஸ்டெலின் நாற்பதடி நீள நிலாச் சுவரோவியத்தை வைத்தார்கள். அப்பல்லோ போய்ப் படம் எடுத்துவந்த பிறகு, 1970இல், கழற்றிவிட்டார்கள். இன்று அது ஸ்மித்சோனியனின் சொத்து. ஓவியமாக அது குறையொன்றும் இல்லாதது. ஆனால் ருடோவின் கண் அவருக்கும் கிடைத்திருக்கக்கூடியதுதான்.

என் தப்பைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஒரு தொடர்கதைக்குப் பாலைவன இரவு. பிறை நிலா போட்டேன். காலியாக இருக்கிறதே என்று பிறையின் இரு கொம்புக்கும் நடுவில் அழகாக ஒரு நட்சத்திரம். பத்திரிகை வெளிவந்த நாலாம் நாள் ஒரு வாசகரிடமிருந்து கார்டு: நிலாவில் எப்போது ஓட்டை விழுந்தது என்று விசாரித்திருந்தார். பிறையின் இருண்ட பாகமும் நிலாதான், அதைத் துளைத்துக்கொண்டு நட்சத்திரம் தெரியாது என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். இது அறியாமைகூட இல்லை, சோம்பல். அந்தக் கார்டு ரொம்ப நாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

4. எந்தக் காகிதத்தில் அச்சாகும் என்று கேட்டுவிட்டு நிப்பைத் தொடுங்கள்

வர்ஜில் ஃபின்லே, 1914இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பிறந்தவர். இருபத்தொரு வயதில், யாரும் கேட்காமலே, 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகைக்குச் சில படங்களை அனுப்பினார். ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்குப் படங்கள் பிடித்துப்போயின. கூடவே ஒரு பயம்: மயிரிழை மாதிரி இருக்கும் இந்தக் கோடும் புள்ளியும் நம் மட்டக் காகிதத்தில் நிற்குமா? அச்சடித்துச் சோதித்துப் பார்த்தார். நின்றது. 1935 டிசம்பர் இதழில் ஃபின்லே நுழைந்தார்.

அவர் புள்ளி வைக்கும் விதத்தைப் படித்துவிட்டு நானும் ஒரு ராத்திரி முயன்று பார்த்தேன். நிப்பை இண்டியன் இங்க்கில் தோய்க்கவேண்டும். நிப்பின் முனை காகிதத்தைத் தொடக்கூடாது. முனையில் தொங்கும் மசித்துளி மட்டும் தொடவேண்டும். தொட்டதும் நிப்பைத் துணியில் துடைத்துவிட்டு, மறுபடி தோய்த்து, அடுத்த புள்ளி. அப்போதுதான் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஓரம் பிசிறில்லாமல் விழும். பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். ஒரு பெண்ணின் கன்னத்து நிழல் மட்டும், அரையணா அகலம்கூட இருக்காது, முடிந்தபோது பால்காரர் மணி அடித்தார். ஃபின்லே இதோடு ஸ்கிரேப்பர் போர்டும் பயன்படுத்தினார்: வெள்ளைக் களிமண் பூசிய அட்டையில் கறுப்பு மசி தடவி, கத்தி முனையால் சுரண்டி வெள்ளைக் கோட்டை வெளியே எடுப்பது. புள்ளியும் சுரண்டலும் ஒரே படத்தில் சேரும்போது இருட்டுக்கு உள்ளிருந்து வெளிச்சம் கசிகிற மாதிரி இருக்கும்.

என் கன்னத்து நிழல் என்ன ஆயிற்று என்றால், துத்தநாக பிளாக் எடுத்து, நியூஸ் பிரிண்டில் அடித்தபோது, புள்ளியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரி அப்பினாற்போல் வந்தது. நான் எடுத்த பாடம், எந்தக் காகிதத்தில், படத்தை எந்த அளவுக்குச் சுருக்கி அச்சிடப்போகிறார்கள் என்று முதலில் கேட்டிருக்கவேண்டும். உங்களுக்கு நியூஸ் பிரிண்ட் இல்லை. உங்கள் மட்டக் காகிதம் கைபேசித் திரை. இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அதில் படம் புரியவில்லை என்றால் யாரும் அதைத் தட்டிப் பெரிதாக்கப் போவதில்லை.

5. ஒவ்வொரு படத்துக்கும் ஆன மணிநேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்

முப்பத்தைந்து வருஷத்தில் ஃபின்லே போட்ட படங்கள் 2,600க்கு மேல். வகுத்துப் பாருங்கள், ஐந்து நாளைக்கு ஒன்று, நடுவே உலகப் போரில் ராணுவ சேவை வேறு. பத்திரிகை கொடுப்பது படத்துக்கு இவ்வளவு என்று. புள்ளிக்கு இவ்வளவு என்று அல்ல. மலிவுப் பத்திரிகைகள் ஐம்பதுகளில் வரிசையாக மூடியபோது அவர் ஜோதிடப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். 1971இல் புற்றுநோயில் இறந்தபோது 56 வயது. போன்ஸ்டெல் தொடங்கின வயது அது.

நோட்டு எதற்கு என்றால், கட்டணம் பேசும்போது கையில் ஒரு கணக்கு இருக்கவேண்டும். அதற்காகப் புள்ளியைக் குறைக்கச் சொல்லவில்லை.

6. ஊர்விட்டு ஊர் போகிற சாதனத்தில் வரையுங்கள்

'வியர்ட் டேல்ஸ்' முழு விஞ்ஞானப் பத்திரிகை இல்லை, பேயும் மந்திரமும் கலந்தது. ஆனாலும் மார்கரெட் பிரண்டேஜை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பேசமுடியாது. சிகாகோக்காரர். 1932 முதல் 1945 வரை அந்தப் பத்திரிகைக்கு அறுபதுக்கு மேற்பட்ட அட்டைகள், அட்டைக்கு 90 டாலர். மகனையும் நோயாளித் தாயையும் அந்தப் பணத்தில் காப்பாற்றினார். 'எம். பிரண்டேஜ்' என்றே கையெழுத்துப் போட்டதால், ஆடை குறைந்த அந்தப் பெண்களை வரைவது ஒரு பெண் என்று வாசகர்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

அவர் வரைந்தது பேஸ்டல் சுண்ணத்தில். தொட்டால் ஒட்டும், உரசினால் அழியும். அலுவலகம் அதே ஊரில் இருந்தவரை பிரச்சினை இல்லை. 1938இல் பத்திரிகை நியூயார்க்குக்கு மாறியது. சிகாகோவிலிருந்து பேஸ்டல் படத்தை அனுப்பி அது முழுசாகப் போய்ச் சேரவேண்டும். நியூயார்க்கில் ஆபாச எதிர்ப்பு வேறு சூடு பிடித்திருந்தது. வாய்ப்பு தேய்ந்தது. 1976இல் வறுமையில்தான் கண்ணை மூடினார். பேஸ்டல்தான் கெடுத்தது என்று சொல்லமாட்டேன். ஒரே பத்திரிகையை நம்பியிருந்தது கெடுத்தது. பேஸ்டல் அதற்கு ஒரு சாக்கு.

7. சண்டை போடுங்கள், ஆனால் பேச ஆள் வைத்துக்கொள்ளுங்கள்

ஹேன்ஸ் பாக் என்பது வைத்துக்கொண்ட பெயர். ஓவியர் மாக்ஸ்ஃபீல்ட் பாரிஷைக் குருவாக நினைத்தவர். நிறத்துக்கு மேல் நிறமாக மெல்லிய பூச்சுகள் ஏற்றி, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து வரைவார். 1939இல் அவரிடம் நியூயார்க் போகக் காசில்லை. அவருடைய படங்களைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனவன் ஒரு பதினெட்டு வயதுப் பையன். முதல் பகுதியில் சொன்னேனே, பால் விருந்தினராக உட்கார்ந்த அந்த மாநாடு, அதற்குத்தான் போனான். போன கையோடு ஆசிரியர் ரைட்டிடம் படங்களைக் காட்டினான். அந்த டிசம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' அட்டை பாக்குடையது. பையன் பெயர் ரே பிராட்பரி. பிற்பாடு அவர் யார் ஆனார் என்று உங்களுக்கே தெரியும்.

1953இல் விஞ்ஞானக் கதைக்கான முதல் ஹியூகோ விருதுகள் கொடுத்தபோது அட்டை ஓவியத்துக்கான விருதைப் பாக்கும் எட் எம்ஷ்வில்லரும் பகிர்ந்துகொண்டார்கள், உள்படத்துக்கு ஃபின்லே. அதற்குள் பாக் கிட்டத்தட்ட எல்லா ஆசிரியர்களோடும் மோதியிருந்தார், பணத்துக்காகவும் படத்தில் கைவைத்ததற்காகவும். 1964இல் மாரடைப்பு, வயது 49, கையில் ஒன்றுமில்லை.

அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். சண்டையின் விஷயம் சரி. ஆனால் பிராட்பரி மாதிரி உங்களுக்காகப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய், உங்களுக்குப் பதிலாகப் பேசுகிற ஒரு ஆள் வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு வாயைத் திறந்தால் கோபம் வருகிறது, மீதிப் பேருக்கு வெட்கம் வருகிறது.

8. ஒரிஜினலைத் திருப்பி வாங்குங்கள்

இதை மட்டும் செய்தால் போதும், மற்றதை மறந்தாலும் மன்னிக்கிறேன்.

கெல்லி ஃபிரீஸ் 1953 அக்டோபர் 'அஸ்டவுண்டிங்' பத்திரிகைக்கு ஒரு அட்டை போட்டார். பிரம்மாண்டமான ரோபோ, உள்ளங்கையில் செத்துப்போன ஒரு மனிதன், ரோபோவின் முகத்தில் என்னவோ செய்துவிட்டோமே என்ற திகைப்பு. இருபத்து நாலு வருஷம் கழித்து குயீன் இசைக்குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லரிடம் அந்தப் பழைய இதழ் இருந்தது. அவர்கள் ஃபிரீஸையே தேடிப் பிடித்து, செத்த மனிதனுக்குப் பதில் தங்கள் குழுவினரை வைத்து வரைந்து தரச் சொன்னார்கள். 1977இல் வந்த 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' ஆல்பத்தின் உறை அதுதான். மாதாமாதம் தூக்கிப்போடுகிற பத்திரிகைக்கு வரைந்த படம் எப்போது திரும்பி வந்து கதவைத் தட்டும் என்று யாருக்கும் தெரியாது. தட்டும்போது அது உங்கள் வீடாக இருக்கவேண்டும். அந்தக் காலத்து மலிவுப் பத்திரிகைகளில் பல, படத்தோடு உரிமையையும் சேர்த்து வாங்கிவிடும். ஒரிஜினல்கள் அலுவலகத்திலேயே தங்கும், சில மாநாடுகளில் ஏலத்துக்கு வரும், மற்றவை போன இடம் தெரியாது.

எனக்கு நடந்தது இது. ஒரு வார இதழில் எட்டு வருஷம் வரைந்தேன். ஒரிஜினல் கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஒரு கண்காட்சிக்காகக் கேட்கப் போனேன். லேஅவுட் பிரிவில் ஒரு பையன் பிளேடு போட்டுப் புரோமைடு தாளை வெட்டிக்கொண்டிருந்தான். மேஜை கீறாமலிருக்க அடியில் ஒரு தடித்த அட்டை. அட்டையில் என் செவ்வாய் கிரகம். நான் இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட சிவப்பு மணல்மேடு முழுக்க நேர் நேராக பிளேடுக் கோடுகள். பையன்மேல் தப்பில்லை, நல்ல தடிமனான அட்டை அது. "எடுத்துக்கங்க சார்" என்று தூசியைத் தட்டிக் கொடுத்தான். அதுதான் மாடிச் சுவரில் மாட்டியிருக்கிறது. செவ்வாயின் கால்வாய்கள் என்று நீங்கள் நினைத்தது அந்தக் கோடுகளை.

கணினியில் வரைகிறவர்களுக்கும் இது உண்டு. அடுக்கு அடுக்காக இருக்கும் மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள், தட்டையாக்கிக் கொடுங்கள். எந்தப் பதிப்புக்கு, எத்தனை முறைக்கு என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயம். எனக்கும் இருந்தது.

9. இன்னொரு கிணறு தோண்டி வையுங்கள்

ஜான் ஷோன்ஹெர் என்ற பெயர் உங்கள் கைபேசியில் இருக்காது. அவர் படம் இருக்கும். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1963 முதல் 1965 வரை 'அனலாக்' பத்திரிகையில் தொடராக வந்தபோது அந்த மணற்புழுக்களுக்கு முதலில் உருவம் கொடுத்தவர். 1965இல் ஹியூகோ விருது. இவருக்கு மனசெல்லாம் காட்டு விலங்குகளில். எந்தத் தசை எந்த எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த கை என்பதால், இல்லாத புழுவுக்கும் ஒரு எடை இருக்கிறது, மணலுக்கு அடியில் மீதி உடம்பு இருக்கிறது என்று தோன்றும். பிற்பாடு குழந்தைகள் புத்தகத்துக்கு ஆந்தை வரைந்தார். 'அவுல் மூன்' என்ற அந்தப் புத்தகத்துக்கு 1988இல் கால்டெகாட் பதக்கம்.

எம்ஷ்வில்லர் வேறு மாதிரி. ஐந்து ஹியூகோ வாங்கிய பிறகு, அட்டைப்படத்தை விட்டுவிட்டுச் சோதனை சினிமா, வீடியோ, கணினி உருவங்கள் என்று போய், கடைசியில் கலிஃபோர்னியாவில் கலைக் கல்லூரி ஒன்றில் திரைப்படப் பள்ளியின் தலைவரானார். அவருடைய அட்டைகளில் வரும் பெண்களில் பலர் அவர் மனைவி கேரல்தான். அந்த அம்மாளும் விஞ்ஞானக் கதை எழுதினவர்.

நாய், பூனை, மாட்டின் முழங்கால் எல்லாம் வரையுங்கள். வேற்றுக்கிரகவாசி நடந்தாகவேண்டுமே.

10. கதையைக் கடைசிவரை படியுங்கள்

1975இல் ஜார்ஜ் லூகாஸ் கொடுத்த எழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ரால்ஃப் மக்குவாரி 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஓவியம் போட்டார். அதற்குமுன் போயிங் நிறுவனத்தில் படம் வரைந்தவர். வில்லன் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு விண்வெளியில் கடந்து வருகிறான் என்று கதையில் இருந்தது. அங்கே காற்று ஏது, மூச்சு எப்படி விடுவான் என்று இவருக்குச் சந்தேகம். ஒரு சுவாச முகமூடி மாட்டினார். டார்த் வேடரின் முகமும் அந்த மூச்சுச் சத்தமும் அந்தச் சந்தேகத்தில் பிறந்தவை.

11. ராக்கெட்டே போடாமலும் பிழைக்கலாம்

ரிச்சர்ட் பவர்ஸ். 1953 முதல் பாலன்டைன் புத்தக அட்டைகள். கனவில் வரும் கூழாங்கல், எலும்பு மாதிரி உருவங்கள். போய்ப் பாருங்கள். நான் சொன்னால் விளங்காது.

12. படம் போடும் மென்பொருள்

கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். எனக்குப் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒரு தம்பி அதில் செய்து கொண்டுவந்த நிலாக் காட்சியில் பூமி நாலு முஷ்டி அகலம். விண்வெளி வீரனின் நிழல் சூரியன் இருக்கும் பக்கமே விழுந்திருந்தது. ஊரில் இருக்கிற தப்பையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டால் அப்படித்தான் வரும். நான் பிறைக்குள் நட்சத்திரம் வைத்ததையும் எங்கேயாவது பார்த்திருக்கும், பாவம். கூலி விஷயத்தில் அது உங்கள் வயிற்றில் கைவைக்கும் என்பது உண்மை, அதை மழுப்ப மாட்டேன். ஐந்தாவதில் சொன்ன நோட்டும் ஒன்பதாவதில் சொன்ன கிணறும் அதற்குத்தான்.

13. அடுத்த ஞாயிறு

மிமாஸ், சனியின் சின்ன நிலவு. சனியிலிருந்து 1,85,500 கி.மீ. தூரம். இவ்வளவு கிட்டத்தில் 57ஆல் பெருக்கும் கணக்குக் கொஞ்சம் பிசகும், பரவாயில்லை, முஷ்டிக் கணக்கு போதும். அங்கே நின்று சனியைப் பார்க்கும் ஒருவன், பென்சிலில், எட்டுக்குப் பத்து அங்குலம். வளையம் எப்படித் தெரியும் என்று யோசித்துவிட்டு வரையுங்கள். நிழல் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் அம்புக்குறி போடுங்கள். ரப்பர் கொண்டுவர மறக்காதீர்கள், போன வாரம் ஐந்து பேருக்கு ஒரே ரப்பர்.